ஷார்ட் ஷிஃப்டரும் கியர்பாக்ஸின் ஆயுளும்: பந்திங் சாலையை முன்வைத்து

மலேசியாவில் கிள்ளானிலிருந்து பந்திங் வழியாக மோரிப் செல்லும் கூட்டரசு சாலை 5-இல் மேனுவல் கார் ஓட்டுபவரின் இடது கைக்கு ஓய்வில்லை. செம்பனைக் குலை ஏற்றிய லோரி, கண்டெய்னர் லோரி, சமிக்ஞை விளக்கு. இரண்டாம் கியர், மூன்று, மறுபடி இரண்டு. பழைய புரோட்டோன் வீராவையும் சத்ரியாவையும் ஹோண்டா சிவிக்கையும் ஆசையாக வைத்திருப்பவர்களை, கியர் லிவரின் நகர்வைக் குறைக்கும் ஷார்ட் ஷிஃப்டர் ஈர்ப்பதில் வியப்பில்லை. அதை மாட்டினால் கியர்பாக்ஸ் போய்விடும் என்பார் ஒரு மெக்கானிக். ஒன்றும் ஆகாது என்பார் இன்னொருவர். இருவருமே லிவரின் நீளத்தைப் பார்க்கிறார்கள். சேதம் தொடங்குவது வேறிடத்தில்.

முதலில் கணக்கு. சுழல்மையத்துக்கு மேலே 200 மில்லிமீட்டரும் கீழே 40 மில்லிமீட்டரும் உள்ள ஒரு லிவரை எடுத்துக்கொள்வோம். கியர்பாக்ஸுக்குச் செல்லும் கேபிளை 20 மில்லிமீட்டர் நகர்த்தக் கை 100 மில்லிமீட்டர் போக வேண்டும். கீழ்ப்பகுதியை 56 மில்லிமீட்டராக நீட்டினால் கை சுமார் 71 மில்லிமீட்டர் போனால் போதும். ஆனால் 50 நியூட்டன் விசையில் தள்ளினால் முன்பு கேபிளுக்குக் கிடைத்த 250 நியூட்டன் இப்போது 180-க்கும் கீழே இறங்கிவிடுகிறது. மேல்தண்டை வெட்டிக் குட்டையாக்கினாலும் இதே கதைதான். ஷார்ட் ஷிஃப்டர் கியர்பாக்ஸை மூர்க்கமாக அழுத்துகிறது என்ற நம்பிக்கை தலைகீழானது; அதே கைவிசைக்கு அது குறைவாகவே அழுத்துகிறது.

கேடு அடுத்த கட்டத்தில் வருகிறது. 1928-இல் கேடிலாக் கார்களில் அறிமுகமான சின்க்ரோமெஷ், கூம்பு வடிவ வளையத்தின் உராய்வால் இரண்டு வேகங்களைச் சமப்படுத்திய பிறகே பற்களைச் சேரவிடும். விசை குறைந்தால் அதற்கு நேரம் கூடுதலாக வேண்டும். லிவர் குட்டையானதும் ஓட்டுநரோ முன்னைவிட வேகமாக மாற்றத்தான் பார்க்கிறார். கியர் விழவில்லை என்று ஓங்கித் தள்ளும்போது, தேய்ந்த வளையம் தடுக்கத் தவறி, பற்கள் கரகரவென்று மோதுகின்றன. கியரைத் தள்ளும் ஃபோர்க்கும் வளைகிறது.

இங்கே இஞ்சின் சுழற்சியின் பங்கு லிவரைவிடப் பெரியது. வளையம் உள்வாங்கும் வெப்பம் வேக வேறுபாட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே நிமிடத்துக்கு 5,000 சுழற்சியில் மாற்றுவதற்குப் பதிலாக 2,500-இல் மாற்றினால் வெப்பம் நான்கில் ஒரு பங்காகிறது. கிளட்ச் முழுதாகப் பிரியாத காரிலோ வளையம் இஞ்சினோடும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். எந்த லிவரும் அதைக் காப்பாற்றாது.

யாரும் குனிந்து பார்க்காத இடம் ஒன்று உண்டு: கியர்பாக்ஸின் மேலே, கேபிள் வந்து இணையும் கை. பல கார்களில் அதில் ஓர் எடைக்கட்டி இருக்கும். நகரத் தொடங்கியதும் அதன் நிலைமம் கியரை உள்ளே கொண்டுசேர்க்க உதவுகிறது. சில மாற்றுப் பாகங்கள் எடை குறைப்பதாகச் சொல்லி அதை நீக்கிவிடுகின்றன. இது என் கண்ணில் லாபமல்ல, இழப்பு. இதைவிட மோசமானது அரைகுறைப் பொருத்தம். கேபிள் சரியாக அளவு வைக்கப்படாவிட்டால், அல்லது சிவிக் போன்ற தண்டு வகைக் காரில் நீட்டிய கீழ்க்கை அடியில் எதிலாவது இடித்தால், கியரைப் பூட்டும் ஸ்லீவ் முழுத் தொலைவு போகாது. பற்கள் நுனியில் மட்டும் பிடித்து மழுங்கும். ஒருநாள் பாரம் ஏறும்போது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடும்.

ஷிஃப்டர் ஆபத்தானதென்றால் அமெரிக்காவின் போன்டியாக் 1964-இல் தன் ஜிடிஓ காரில் ஹர்ஸ்ட் நிறுவனத்தின் ஷிஃப்டரைத் தொழிற்சாலையிலேயே பொருத்தியிருக்காது. அங்கே அது அந்தக் காருக்கென அளவெடுத்து வைக்கப்பட்டது. வேறுபாடு அதுதான்.

எண்ணெயையும் விட்டுவிட முடியாது. ஜிஎல்-4 தர எண்ணெய் கேட்கும் பெட்டியில் ஜிஎல்-5 ஊற்றினால், அதிலுள்ள கூடுதல் கந்தக-பாஸ்பரஸ் சேர்க்கைகள் சில வகைகளில் பித்தளை வளையத்தை அரிக்கலாம். வளையம் பிடிக்க வேண்டிய உராய்வும் குறையலாம். வெள்ள நீரும் எண்ணெயைக் கெடுக்கும். 2021 டிசம்பர் வெள்ளம் சிலாங்கூரின் பல பகுதிகளை மூழ்கடித்தபோது ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் கார்கள் நீருக்குள் கிடந்தன. அப்படி மூழ்கும் காரின் காற்றுத்துளை வழியாகக் கியர்பாக்ஸுக்குள் தண்ணீர் புகக்கூடும். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் ஷிஃப்டரைப் பற்றிப் பேசுவதற்கு முன் அதை வடிக்க வேண்டும்.

எனவே பட்டறையில் வேலை வரிசை மாற வேண்டும். முதலில் எண்ணெயை வடித்துப் பித்தளைத் துகள் மின்னுகிறதா என்று பார்ப்பது. தேய்ந்த புஷ்களை மாற்றுவது. கிளட்ச் பிரிவதைச் சரிபார்ப்பது. இவற்றுக்குப் பிறகும் ஆசை இருந்தால் ஷிஃப்டர். மாட்டியதும் இஞ்சினை அணைத்து, காரைத் தூக்கி, ஒருவர் ஒவ்வொரு கியராகப் போட, இன்னொருவர் கியர்பாக்ஸ் முனையின் நகர்வைப் பழைய லிவரில் எடுத்த அளவோடு ஒப்பிட வேண்டும். பல கார்களில் புஷ் மாற்றமே கை தேடிய இறுக்கத்தைக் கொடுத்துவிடும். ஷிஃப்டருக்கான பணமும் மிஞ்சும்.

கெட்டால் ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வந்த பழைய காரின் (ஹாஃப்-கட்) கியர்பாக்ஸ் ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம் என்ற தைரியம் இத்தனை நாள் கவனமின்மைக்கு இடம் கொடுத்தது. அந்தத் தைரியத்துக்கு இனி அடிப்படை குறைவு. பெரோடுவா மைவி 2021 நவம்பரில் மேனுவலைக் கைவிட்டது. 2023-இல் 22,000 ரிங்கிட்டுக்கு வந்த ஆக்சியா ஈ-யில் மேனுவல் நீடித்தாலும், புதிய கார்களில் அது அரிதாகிவருகிறது. இன்று ஓடும் மேனுவல் கார்களுக்கு நாளை மாற்றுப் பெட்டி கிடைப்பது கடினமாகும். அதனால் ஷிஃப்டர் மாட்டும்போது கழற்றிய பழைய பாகத்தை எறியாமல், பழையபடி மாற்ற வழியிருக்கும்படி, பைக்குள் போட்டு உரிமையாளரிடமே கொடுப்பதைப் பட்டறைகள் இப்போதே வழக்கமாக்க வேண்டும்.