தண்ணீர் 'ர்2ழு' ஆன கதை

இந்த எபிசோடை குரோம்பேட்டையில இருந்து ஆரம்பிக்கலாம். குரோம் லெதர் கம்பெனி என்ற தோல் தொழிற்சாலையால வந்த பேர் அது. குரோமியம் உப்பை வச்சுத் தோல் பதனிடுவாங்க. ஒரு தனிமத்தோட பேர் தமிழ் எழுத்துல ரயில்வே போர்டு மேல, பஸ் மேல ஜம்முன்னு உட்கார்ந்திருக்கு. ஆனா அங்கேருந்து ரெண்டு ஸ்டேஷன் தள்ளி, தாம்பரத்துல, ஒரு பிளஸ் டூ வேதியியல் வினாத்தாளைத் தமிழ்ல அடிக்கிறது ஒரு காலத்துல படாத பாடு. எனக்கு அது நல்லாத் தெரியும். 1990களோட கடைசியில அங்கே ஒரு டி.டி.பி. கடையில உட்கார்ந்து அடிச்சவன் நான்.

வேதியியலைத் தமிழ்ல சொல்ற முயற்சி ரொம்பப் பழசு. யாழ்ப்பாணத்துல தமிழ்லயே மருத்துவம் சொல்லிக்கொடுத்த சாமுவேல் ஃபிஸ்க் கிரீனோட 'கெமிஸ்தம்' 1875இல் வந்தது. 1916இல் சேலத்துல ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் அறிவியல் கலைச்சொற்களுக்காகவே ஒரு சங்கம் வச்சு, பத்திரிகையும் நடத்தினாங்க. இதெல்லாம் சொல் பற்றிய கதை. ஆக்சிஜனா, பிராணவாயுவா என்று நாம நூறு வருஷமா வாதாடியிருக்கோம். குறியீடு பற்றி அந்த அளவுக்குப் பேசினதில்லை. வாக்கியம் தமிழ், குறியீடு ரோமன் எழுத்து என்பதே பாடநூல்கள்ல நிலைச்சுப்போச்சு.

அந்தக் குறியீடு சுவீடன்காரர் பெர்சிலியஸ் 1814 வாக்கில் வகுத்தது. அவர் எண்ணை எழுத்துக்கு மேலே போட்டார். 1834இல் ஜெர்மனியின் லீபிக் அதைக் கீழே இறக்கினார். நம்ம 'எச் டூ ஓ'வில் 'டூ' கீழே தொங்குறது அப்படி வந்ததுதான்.

எழுத்துக்குப் பக்கத்துல குட்டி எண் போடுறது தமிழ் அச்சுக்குப் புதுசே இல்லை. சமஸ்கிருத சுலோகத்தைத் தமிழ் எழுத்துல அச்சடிச்ச புத்தகங்களைப் பாருங்க. க, ச, ட, த, ப பக்கத்துல சின்னதா 2, 3, 4 இருக்கும். எந்த ஒலி என்று காட்டுறதுக்கு. ஆக, குட்டி எண் நம்மகிட்ட இருந்தது. ரோமன் எழுத்தும் இருந்தது, ஆனா வேற பெட்டியில. அச்சுக்கோர்க்கிறவர் ரெண்டு பெட்டிக்கும் கையை நீட்டி எடுத்துக் கோர்த்துடுவார். தமிழ் தட்டச்சு இயந்திரத்துல அந்த இன்னொரு பெட்டியே கிடையாது. இடம் விட்டு அடிச்சு, அப்புறம் பேனாவால எழுதணும்.

கம்ப்யூட்டர் வந்ததும் சரியாகியிருக்கணும் இல்லையா? இன்னும் மோசமாச்சு. நான் பழகினது பாமினி ஃபான்ட். அதுல தமிழுக்குன்னு தனி இடம் கிடையாது. ஆங்கில எழுத்தோட இடத்துலயே தமிழ் உருவத்தை வரைஞ்சு வச்சிருப்பாங்க. பெரிய எச் அடிச்சா 'ர்'. பெரிய ஓ அடிச்சா 'ழு'. பெரிய சி 'ஊ'. அதனால ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் ஃபான்டை மாத்தணும், எழுத்தை அடிக்கணும், எண்ணைத் தேர்ந்தெடுத்துக் கீழே இறக்கணும், திரும்பப் பாமினிக்கு வரணும். மீத்தேன் எரியுற சமன்பாடு ஒண்ணுலயே இறங்க வேண்டிய எண் நாலு, இறங்கக் கூடாத எண் ரெண்டு.

எல்லாம் முடிச்ச பிறகு யாராவது மொத்தப் பக்கத்தையும் செலக்ட் பண்ணிப் பாமினி கொடுத்தா, தண்ணீர் 'ர்2ழு' ஆயிடும். கார்பன் டை ஆக்சைடு 'ஊழு2'. அது பரவாயில்லை, பார்த்தவுடனே தெரியும். கார்பன் மோனாக்சைடு 'ஊழு', கோபால்ட் 'ஊழ'. ஒரு உகரம்தான் வித்தியாசம். இதைப் புரூஃப் பார்க்குறவர் எப்படிக் கண்டுபிடிச்சு, எது எந்தப் பொருள் என்று திருத்துவார்? ஆங்கில வழிப் பிள்ளைக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒரே பாடம், ஒரே மதிப்பெண்.

1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி அரசு 'டாம்', 'டாப்' என்று ரெண்டு தரங்களைக் கொண்டுவந்தது. டாப் இருமொழிக்கானது. ஆங்கில எழுத்தை அதன் இடத்துலயே விட்டு வச்சது. குறியீட்டைப் பொறுத்தவரை எனக்குப் பெரிய விடுதலையாப் பட்டது அதுதான். அப்புறம் யூனிகோடு. தமிழும் ரோமனும் கீழிறங்கின எண்களும் தனித்தனி இடத்துல இருக்கிற ஏற்பாடு. தமிழ்நாடு அரசு 2010இல் அதை ஏற்றது.

இதே காலத்துல பக்கத்துல என்ன நடந்தது தெரியுமா? கொட்டிவாக்கத்துல டி.என்.கியூ. போன்ற நிறுவனங்கள்ல நம்ம ஊர்ப் பிள்ளைங்க உட்கார்ந்து, எல்சவியர் மாதிரி வெளிநாட்டுப் பதிப்பகங்களோட ஆய்விதழ்களுக்குப் பக்கம் கட்டிக்கிட்டிருந்தாங்க. உலகத்தோட அறிவியல் சமன்பாடு கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரமா வரிசையா நிக்குது. தாம்பரத்துல தண்ணீர் 'ர்2ழு'. தொழில் தெரிந்த கைகள் இல்லாம இல்லை. தமிழ் வினாத்தாளுக்கு யாரும் அந்தக் காசு கொடுக்கலை, அவ்வளவுதான்.

இப்போ வெறும் எழுத்துக் கோப்பிலேயே வேலை முடியுது. டொனால்ட் குனூத் 1978இல் வெளியிட்ட டெக் மேல கட்டின லாடெக்கில், மார்ட்டின் ஹென்சலோட எம்.எச்.கெம் என்ற தொகுப்பு இருக்கு. 'சி ஈ' என்ற கட்டளைக்குள்ள, நெளிவு அடைப்புக்குறியில சமன்பாட்டை நாம பேசுற வரிசையிலேயே அடிச்சா போதும். எழுத்துக்கு முன்னாடி வர்ற 2 பெரிசா நிக்கும், பின்னாடி வர்றது தானா இறங்கும். எது மூலக்கூறு எண்ணிக்கை, எது அணு எண்ணிக்கை என்று அதுக்குத் தெரியும். முன்னாடியும் பின்னாடியும் தமிழ் வாக்கியம் ஓடலாம்.

யூனிகோடு எண்களை மட்டும் நம்பினா ஒரு இடத்துல இடிக்கும். சல்பேட் அயனியில கீழே நாலு, நேர் மேலே ரெண்டும் ஒரு கழித்தல் குறியும் வரணும். சாதாரண எழுத்து வரியில அதை அடிச்சா ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணாத்தான் நிக்குது. படிக்க முடியுது, ஆனா பாடநூலில் இருக்கிற மாதிரி இல்லை. போன மாசம் ஒரு டியூஷன் சென்டரோட தாளைப் பார்த்தேன். சல்பேட் வர்ற நாலு இடத்துலயும் கழித்தல் குறியைப் பேனாவாலதான் போட்டிருந்தாங்க.