லோமே உடன்படிக்கைகள்

ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்துக்கும், அந்நிய ஆட்சியினின்று விடுபட்ட ஆப்பிரிக்க, கரிபிய, பசிபிக் தேசங்களுக்கும் இடையே வியாபாரத்தையும் பொருளுதவியையும் குறித்து 1975 முதல் 2000 வரை நிலவிய நான்கு ஒப்பந்தங்கள் இப்பெயர் பெறும். நான்கும் டோகோவின் தலைநகரான லோமேயில் கையெழுத்தாயின.

இவற்றின் மூலம், அச்சமூகத்தை நிறுவிய 1957-ஆம் ஆண்டு ரோமாபுரி உடன்படிக்கையில் இருக்கிறது. தன் காலனிகளைப் பொதுச்சந்தையோடு இணைத்தாலன்றித் தான் சேர்வதற்கில்லையென்று பிரான்ஸ் பிடிவாதம் பிடித்தது. அக்காலனிகள் சுதந்திரமடைந்தபின், 1963-இல் காமரூனின் யவுண்டேயில் 18 ஆப்பிரிக்க ராஜ்யங்களோடு புதிய ஒப்பந்தம் ஏற்பட்டது. ஆயினும் ஐரோப்பா அளித்த சலுகைக்கு ஈடாக அவ்வெளிய நாடுகளும் சலுகையளிக்க வேண்டியிருந்தது.

1973-இல் பிரிட்டன் சமூகத்தில் சேர்ந்தபோது அதன் பழைய குடியேற்ற நாடுகளின் கதி என்னவென்ற வினா எழுந்தது. ஆப்பிரிக்க, கரிபிய, பசிபிக் நாடுகள் உள்ளே அழைக்கப்பட்டன. ஜனத்தொகையும் உற்பத்தியும் பெருத்த இந்தியா முதலிய ஆசிய தேசங்களோ, சந்தை தாங்காதென்ற அச்சத்தால் வெளியே நிறுத்தப்பட்டன. எண்ணெய் விலையேற்றத்தால் மூலப்பொருள்களைப் பற்றி ஐரோப்பா கலங்கியிருந்த அவ்வேளையில், ஆங்கில நாடுகள், பிரெஞ்சு நாடுகள் என்று பிளவுபடும் என எதிர்பார்க்கப்பட்டவை ஒரே குரலில் பேசின. கயானாவின் ஸ்ரீதத் ராம்பாலும் ஐரோப்பிய ஆணையத்தின் குளோத் ஷெய்சோனும் பேச்சுவார்த்தையில் முக்கியப் பங்காற்றினர். 1975 பிப்ரவரி 28 அன்று 9 ஐரோப்பிய ராஜ்யங்களும் 46 தேசங்களும் கையெழுத்திட்ட முதல் உடன்படிக்கை, பதிற்சலுகை கோராமலே ஐரோப்பியச் சந்தையைப் பெரும்பாலும் திறந்துவிட்டது.

அதன் நூதனமான அம்சம் ‘ஸ்டாபெக்ஸ்’ என்ற நிதி. கோகோ, காப்பி, நிலக்கடலை போன்றவற்றின் ஏற்றுமதி வருமானம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே சரிந்தால், அந்த நஷ்டத்தை அது ஈடுசெய்தது. கருத்து உயர்ந்ததே, ஆனால் 1980-ஐ ஒட்டிக் காப்பி, கோகோ விலைகள் ஒருங்கே வீழ்ந்ததும் நிதி வறண்டு, உரிமையுள்ள தொகையில் ஏறக்குறையப் பாதியே கொடுக்கப்பட்டது. மூலப்பொருள்களை விற்றே பிழைக்கும் நிலையை இந்நிதி மாற்றவில்லை. அந்நிலையின் வலியைத்தான் குறைத்தது.

சர்க்கரையின் கதை விசித்திரமானது. 1974-இல் உலகச் சந்தையில் அதன் விலை எட்டாத உயரத்திலிருந்தமையால், ஆண்டுக்குச் சுமார் 13 லட்சம் டன் கரும்புச் சர்க்கரையை உத்தரவாத விலைக்கு வாங்கும் ஏற்பாடு வாங்குவோருக்கே அநுகூலமெனத் தோன்றிற்று. விலை வீழ்ந்தபின் அது விற்போருக்குப் பெருவரமாயிற்று. தமிழ்நாட்டிலிருந்தும் கூலிகளாகச் சென்றோர் கரும்பு வெட்டிய மொரீஷியஸும் பீஜியும் இதனால் மிகுந்த பயனடைந்தன. இந்தியாவுக்குத் தனியே 25,000 டன் ஒதுக்கப்பட்டது.

1979, 1984, 1989 ஒப்பந்தங்களில் தேசங்களின் எண்ணிக்கை பெருகியது. சுரங்கத் தொழிலுக்குத் தனி நிதியும் மனித உரிமை பற்றிய ஷரத்தும் சேர்ந்தன. பேரம் பேசும் வலிமையோ குன்றிற்று. இத்தேசங்களின் வாழைப்பழ இறக்குமதிக்கு அளித்த சலுகையை எதிர்த்து அமெரிக்காவும் லத்தீன் அமெரிக்க நாடுகளும் தொடுத்த வழக்கில், 1997-இல் உலக வர்த்தக ஸ்தாபனம் ஐரோப்பாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஒருதலைச் சலுகைக்கு இனி நியாயமில்லையென்ற வாதம் வலுத்து, 2000-இல் பெனினில் ஏற்பட்ட கொடோனு ஒப்பந்தம் பரஸ்பரச் சலுகையை மீண்டும் புகுத்திற்று. காலவரையற்றதென்று எழுதப்பட்ட சர்க்கரை ஏற்பாட்டை ஐரோப்பா 2007-இல் ரத்து செய்ய, அது 2009-இல் முடிவுற்றது. கொடோனுவின் இடத்தில் 2023 நவம்பரில் சமோவாவின் ஏபியா நகரில் புதிய ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.