உமறு பாஷா யுத்த சரித்திரம்: நாகூர்ச் சாகச உரைநடையும் மறுபதிப்பு நெறியும்

நாகூர் குலாம் காதிறு நாவலர் (1833–1908) இலக்கிய வரலாறுகளில் பெரிதும் செய்யுட் புலவராகவே அறியப்படுகிறார். நாகூர்ப் புராணமும் நாகூர்க் கலம்பகமும் ஆரிபு நாயகமும் பேசப்படும் அளவுக்கு, அவர் தமிழில் தந்த 'உமறு பாஷா யுத்த சரித்திரம்' பேசப்படுவதில்லை. ஆங்கில எழுத்தாளர் ரெயினால்ட்ஸ் கிரிமியப் போரைக் (1853–1856) களமாக்கி எழுதிய சாகசப் புதினத்தின் தமிழாக்கம் அது.

நாவலர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்டவர். அதே மகாவித்துவானின் நண்பரான மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை எழுதிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வெளிவந்தது. யானை வேட்டைக்குச் சென்ற தலைவன் காட்டில் திசைமாறி அயல்நாடு சேர்வதும், அவனைத் தேடிச் செல்லும் ஞானாம்பாள் ஆண்வேடத்தில் அரசாள்வதும் அதன் சுவையான பகுதிகள். புராணமும் அந்தாதியும் பயின்ற காவிரிப் படுகைப் புலவர் வட்டத்தையொட்டியே சாகச உரைநடையும் கிளைத்தது. எனினும் முன்னது பல பதிப்புகள் கண்டது. பின்னதற்கு அத்தகைய வாய்ப்பு அமையவில்லை. 'முதல் நாவல்' என்னும் சிறப்பு முன்னதற்குக் கிடைக்க, 'மொழிபெயர்ப்பு' என்னும் குறிப்பே பின்னதை ஒதுக்கப் போதுமானதாயிற்று. தழுவலைக் குறையாகக் காணும் இவ்வளவுகோல் 19ஆம் நூற்றாண்டு உரைநடைக்குப் பொருந்துவதன்று.

எதை மொழிபெயர்க்க ஒருவர் தேர்ந்தார் என்பதும் வரலாற்றுச் சான்றே. ரெயினால்ட்ஸின் கதைத்தலைவர் உதுமானியப் படைத்தளபதி. கிரிமியப் போரில் பிரித்தானியர் துருக்கியரின் பக்கம் நின்றவர்கள். ஆங்கில ஆட்சியின்கீழ் வாழ்ந்து, துருக்கி சுல்தானைக் கலீபாவாக மதித்த முஸ்லிம் வாசகர் இரு பற்றுகளுக்கும் முரணின்றி இக்கதையைப் படித்திருக்கக்கூடும். கண்டியைச் சேர்ந்த சித்திலெப்பையின் 'அசன்பே சரித்திரம்' (1885) எகிப்தில் பிறந்தவனைத் தலைவனாக்குகிறது. எகிப்தின் அறாபி பாஷா இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டுச் சேர்ந்தது 1883இல். தமிழ் முஸ்லிம் உரைநடையின் உலகப் பரப்பை அறிய இவ்விரு நூல்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இத்தகைய நூலை இன்றைய வாசகருக்குத் தருகையில் 'எளிய தமிழில் சுருக்கம்' என்னும் வழியே முதலில் தோன்றும். அது கதையைக் காக்கும், நூலை அழிக்கும். ரெயினால்ட்ஸின் கதை ஆங்கிலத்திலேயே கிடைக்கிறது. நாகூர்ப் பதிப்பில் மட்டுமே கிடைப்பது ஒரு புலவர் போர்க்கள வருணனையை உரைநடையாக்கிய முறையும், அரபு, பாரசீகச் சொற்கள் தமிழொலி பெற்ற விதமும், தமிழ் நாவில் உருமாறிய ஐரோப்பிய ஊர்ப்பெயர்களுமே. பத்தி பிரிக்கலாம், நிறுத்தக்குறியிடலாம், 1978இன் எழுத்துச் சீர்திருத்தப்படி அச்சிடலாம். இவற்றால் இழப்பில்லை. சொல்லை மாற்றுவது வேறு. பசியாறுதல், ஆணம், நாநா, ராத்தா எனத் தனி வழக்குகள் வாழும் வட்டாரத்தின் எழுத்துமொழியைப் பொதுத்தமிழாக்கினால், அவ்வழக்குக்கும் அச்சு உரைநடைக்கும் இருந்த உறவையோ இடைவெளியையோ ஆராய வழியிராது. அருஞ்சொற்களை அந்தந்தப் பக்க அடியிலேயே விளக்கலாம். டான்யூப் கரைக்கும் கிரிமியாவுக்கும் ஒரு நிலப்படமும், ஆங்கில மூலத்தோடு ஒப்பிட்டு விடுபாடுகளையும் சேர்க்கைகளையும் காட்டும் பின்னிணைப்பும் வேண்டும். ஒப்பீட்டுப் பணியே கடினமானது. பதிப்பாசிரியரின் ஆண்டுகள் சில அதற்கே செல்லும்.

முகப்புப் பகுதிகளையும் விட்டுவிடலாகாது. பிற்கால நாகூர்ப் புதினம் ஒன்று இதற்குச் சான்று. சித்தி ஜுனைதா பேகத்தின் 'காதலா? கடமையா?' 1938இல் வெளிவந்தபோது அதற்கு உரை வழங்கியவர் உ. வே. சாமிநாதையர். அவரும் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவரே. முறையான பள்ளிப்படிப்பை இளமையிலேயே இழந்த ஒரு முஸ்லிம் பெண்ணின் நாவலை முதிய புலவரொருவர் வரவேற்றதைப் பதிவு செய்வன அப்பக்கங்கள். தாள் மிச்சம் கருதிய மறுபதிப்புகளில் முதலில் நீக்கப்படுவனவும் இத்தகைய பக்கங்களே.