தங்காத நிறம்: வெள்ளைச் சுவர், காவி, கோலம்

போன மாசம் வீடு மாறினேன். சென்னையில ஒரு வாடகை ஃப்ளாட். அக்ரிமெண்ட்ல தடிமனான எழுத்துல ரெண்டு வரி இருந்துச்சு: ஆணி அடிக்கக் கூடாது, பெயிண்ட் அடிக்கக் கூடாது. நாலு சுவரும் ஒரே வெளிர் நிறம். இதைக் கேட்கிற பாதிப் பேர் இப்படி ஒரு வீட்லதான் இருப்பீங்க. அதுக்கு நாம என்ன பண்றோம்? கலர் குஷன், ஒட்டி உரிக்கிற ஸ்டிக்கர், சீரியல் லைட். அதாவது, நாளைக்கே கழட்டிட்டுக் கிளம்பலாம்ங்கிற மாதிரியான நிறம்.

இது நம்ம தலைமுறையோட வாடகை வீட்டுப் பிரச்சினைன்னுதான் நான் நினைச்சிருந்தேன். அம்மாகிட்ட போன்ல புலம்பினேன். அவங்க சிரிச்சுட்டாங்க. "நம்ம நல்லூர் வீடும் வெள்ளைதானடா. ஆயா தினமும் நிறம் மாத்தலையா?"

நல்லூர் எங்க ஊர். விருத்தாசலத்துக்குப் பக்கத்துல இருக்கு. அம்மா கேட்ட அந்தக் கேள்விதான் இந்த எபிசோட்.

முதல்ல வெள்ளைச் சுவர். ஆயா வீட்ல வருஷத்துக்கு ஒரு தடவை, போகிக்கு முன்னாடி வெள்ளை அடிப்பாங்க. சுட்ட சுண்ணாம்புல தண்ணி ஊத்தினா தளதளன்னு கொதிக்கும். பக்கத்துல போனா அடி விழும். ஆறினதும் வடிகட்டி, கொஞ்சம் கஞ்சித்தண்ணி சேர்த்து, நுனி நசுக்கின மட்டையால அடிப்பாங்க. அடிக்கும்போது சுவர் ஈரமா, மங்கலாத்தான் இருக்கும். காயக் காயத்தான் வெளுக்கும். காரணம் ரொம்ப எளிமையான வேதியியல்: சுண்ணாம்பு காத்துல இருக்கிற கரியமில வாயுவை இழுத்து மறுபடியும் சுண்ணாம்புக்கல்லா மாறுது. ஆனா அது மெல்லிசான ஒரு தோல் மட்டும்தான். சாய்ஞ்சா சட்டையில ஒட்டும், மழை பட்டா கரையும். அதனால அடுத்த வருஷம் திரும்ப அடிக்கணும். நாம "நிரந்தரமான பின்னணி"ன்னு நினைக்கிற அந்த வெள்ளையே தற்காலிகம்தான்.

அந்த வெள்ளையில துணிக்குப் போடுற நீலப்பொடி ஒரு சிட்டிகை கலப்பாங்க. பழுப்பு தெரியாம சுவர் பளிச்சுன்னு ஆகும். எங்க பழைய தென்னார்க்காடு மாவட்டம் ஒரு காலத்துல அவுரிக்குப் பேர் போனது. அதனால இந்த நீலமும் அவுரியிலிருந்துதான் வந்திருக்கும்னு நான் ரொம்ப நாள் நம்பிட்டு இருந்தேன். அது தப்பு. அந்தப் பொடி அல்ட்ராமரைன். ஆப்கானிஸ்தானத்து பதக்‌ஷான் மலையில கிடைக்கிற ஒரு நீலக்கல்லை அரைச்சு எடுத்த நிறம் அது. ஐரோப்பிய ஓவியர்களுக்குத் தங்கம் மாதிரி விலை. 1824ல பிரான்ஸ்ல ஒரு தொழில் ஊக்குவிப்புச் சங்கம், இதைச் செயற்கையாச் செய்றவங்களுக்கு 6,000 ஃபிராங்க் பரிசுன்னு அறிவிச்சது. 1828ல ழான் பத்தீஸ்த் கிமேங்கிறவர் அந்தப் பரிசை வாங்கினார். அதுக்கப்புறம் அரசர்களும் தேவாலயங்களும் வாங்கின நிறம், துணி வெளுக்கிற பொடியா பெட்டிக்கடைக்கு வந்துடுச்சு. இந்த நீலத்துக்கு ஒரு குணம் உண்டு: அமிலம் பட்டா நிறம் போயிடும், சுண்ணாம்பு மாதிரி காரத்துல நிலைச்சு நிக்கும். ஆயாவுக்கு இந்த வேதியியல் தெரியாது. ஆனா சுண்ணாம்போட எது ஒத்துப்போகும்னு கை அறிஞ்சிருந்துச்சு.

அடுத்தது காவி. சுவரோட அடியில ஒரு பட்டை, திண்ணை ஓரம், வாசப்படி, விசேஷ நாள்ல கோலத்தைச் சுத்தி ஒரு கரை. காவிங்கிறது இரும்பு ஆக்சைடு கலந்த மண். அவ்வளவுதான். ஐப்பசி மழை வந்தா சுவர்லேர்ந்து வழிஞ்சு போயிடும்.

இங்கதான் எங்க ஊர்ப் பக்கத்துக் கதை சேருது. விருத்தாசலம்னாலே பீங்கான்தான். நெய்வேலியில பழுப்பு நிலக்கரிக்கு மேல இருக்கிற அடுக்குகள்ல வெள்ளைக் களிமண் கிடைக்கும். விருத்தாசலத்துல செராமிக் தொழிற்பேட்டை இருக்கு, அதைப் படிக்கிறதுக்குன்னே ஒரு பயிலகமும் இருக்கு. களிமண் குழம்பை அச்சுல ஊத்தி எடுத்தா பொம்மை, அகல், ஃப்யூஸ் கட்டை எல்லாம் வெள்ளை வெளேர்னு வரும். அந்த வெள்ளை மேல இரும்பு ஆக்சைடு கலந்த மெருகைப் பூசி, ஆயிரம் டிகிரிக்கு மேல சூளையில வெச்சா பழுப்புச் சிவப்பு பிடிக்கும். அதுக்கப்புறம் எந்த மழைக்கும் அது போகாது. யோசிச்சுப் பாருங்க. அதே இரும்பு ஆக்சைடு. சூளைக்குள்ள போனா நூற்றாண்டுக் கணக்குல நிக்கும். ஆயாவோட வாசப்படியில இருந்தா ஒரு மழைக்குத் தாங்காது.

இந்த வித்தியாசம் சாதாரணமானது இல்லை. 1945ல புதுச்சேரிக்குப் பக்கத்துல அரிக்கமேட்டுல மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செஞ்சார். கிடைச்ச பானை ஓடுகளை வெச்சுத்தான் ரோமானியர்களோட நடந்த வணிகத்துக்குக் காலம் குறிச்சாங்க. தமிழ்நாட்டுல எங்க தோண்டினாலும் உள்ளே கருப்பும் வெளியே சிவப்புமா இருக்கிற ஓடுகள் கிடைக்குது. ரெண்டாயிரம் வருஷத்துக்கு அப்புறமும் அந்தச் சிவப்பு சிவப்பாவே இருக்கு. ஆனா அந்தப் பானையில சமைச்ச பெண் வாசல்ல எதையாவது பூசினாளா, வரைஞ்சாளா? மண்ணைத் தோண்டி அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. சூளையில சுட்டது வரலாறு ஆகுது. விடிகாலையில போட்டது மதியத்துக்குள்ள காலடியில போயிடுது.

அதுக்காக அதுல அறிவு குறைவுன்னு அர்த்தம் இல்லை. சென்னை கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, அவங்களோட கமலா கிருத்திவாசன், மூணு பேரும் 1974ல கோலத்தைப் பத்தி ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டாங்க. புள்ளிக் கோலத்தோட விதிகளைக் கணினி மொழிகளுக்கு எழுதுற மாதிரி ஒரு இலக்கணமா எழுத முடியும்னு காட்டினாங்க. தியரி ஆஃப் கம்ப்யூடேஷன்ல அரியர் வெச்சவன் நான். நான் ஃபெயிலான பாடம் எங்க வீட்டு வாசல்ல தினமும் காலையில அஞ்சு மணிக்கு நடந்துட்டு இருந்திருக்கு. நான் தூங்கிட்டு இருந்தேன்.

ஒரே ஒரு நாள் முழிச்சிருந்தேன். 2011 டிசம்பர் 30, தானே புயல். எங்க பக்கத்துல முந்திரித் தோப்பெல்லாம் வேரோட சாய்ஞ்சது. எங்க வீட்ல பாதி ஓடு போச்சு. கரண்ட் கிடையாது, ரெண்டு வாரத்துல பொங்கல். அந்த வருஷம் வெள்ளை அடிக்க வேண்டாம்னு அப்பா சொன்னார். ஆயா கேட்கலை. உள்ளே தார்ப்பாய் கட்டின கூரை, வெளியே புதுச் சுண்ணாம்புச் சுவர். பொங்கல் அன்னைக்கு விடியறதுக்கு முன்னாடி டார்ச் பிடிக்க என்னைத்தான் எழுப்பினாங்க. சாணி தெளிச்சு, கோலம் போட்டு, காவி கட்டி, நடுவுல சாணிப் பிள்ளையார் வெச்சு அதுல ஒரு மஞ்சள் பரங்கிப் பூவைச் செருகினாங்க. தெருவே பழுப்பா, முறிஞ்சு கிடந்துச்சு. எங்க வாசல் மட்டும் நிறமா இருந்துச்சு. மதியத்துக்குள்ள கோழி கலைச்சிடுச்சு. அதுக்கு ஒரு போட்டோகூட இல்லை.

இதைக் கேட்டுட்டு "அந்தக் காலம் மாதிரி வருமா"ன்னு யாராவது கமெண்ட் போடுவீங்க. கொஞ்சம் இருங்க. இப்ப நல்லூர் வீடு எமல்ஷன் அடிச்சது, வாசல்ல டைல்ஸ், படியில ஸ்டிக்கர் கோலம். அம்மா சொல்றாங்க: "குனிஞ்சு குனிஞ்சு என் இடுப்பு போச்சு. ஸ்டிக்கர் நல்லாத்தான் இருக்கு." அவங்க சொல்றது நியாயம். நாம அழகுன்னு சொல்ற அந்த மாத்தக்கூடிய நிறத்துக்குப் பின்னாடி தினமும் குனிஞ்ச ஒரு முதுகு இருந்துச்சு. அது அழிஞ்சதுக்குப் பதிவு இல்லாத மாதிரியே, அதுக்கான உழைப்புக்கும் பதிவு இல்லை.

அதனால இந்த வாரம் ஒரே ஒரு வேலை சொல்றேன். நிறைய வீட்ல அம்மாவோ அத்தையோ பாட்டியோ வெச்சிருக்கிற கோல நோட்டு ஒண்ணு இருக்கும். பழைய கணக்கு நோட்டுல புள்ளி வெச்சு வரைஞ்சு, ஓரத்துல "15 புள்ளி, இடைப்புள்ளி 8"ன்னு எழுதியிருப்பாங்க. அதைத் தேடி எடுத்து பக்கம் பக்கமா போட்டோ எடுங்க. யார் வரைஞ்சது, எந்த வருஷம்னு அவங்ககிட்டயே கேட்டு எழுதி வைங்க. எங்க ஆயாவுக்கு எழுதத் தெரியாது, அவங்க நோட்டு வெச்சுக்கலை. அம்மா வெச்சிருக்காங்க. அதுல நாலு கோலம் ஆயாவோடதாம்.

அதுல ஒண்ணை என் ஃப்ளாட் வாசல்ல அரிசி மாவுல போட்டுப் பார்த்தேன். கோணலாத்தான் வந்துச்சு. பத்து மணிக்குப் பெருக்க வந்த அக்கா ஒரு நிமிஷம் நின்னு பார்த்துட்டு, "ஒரு புள்ளி விட்டுட்டீங்க தம்பி"ன்னு சொல்லிட்டுப் பெருக்கினாங்க. அக்ரிமெண்ட்ல இதுக்குத் தடை எதுவும் இல்லை. அடுத்த வாரம் பார்க்கலாம்.