கொட்டி: ஒரு நீர்த்தாவரமும் அதன் இரு பெயர்களும்

ஔவையாரின் மூதுரையைச் சிறு வயதில் மனனஞ் செய்யாத தமிழ் மாணவர் அரியர். நீர் வற்றியதும் குளத்தை விட்டு நீங்கும் பறவைகளை உறவல்லாதாருக்கும், குளத்தோடு ஒட்டி நிற்கும் கொட்டி, ஆம்பல், நெய்தல் என்பவற்றை மெய்யுறவினருக்கும் அந்நூல் உவமையாக்குகின்றது. இம்மூன்றனுள் ஆம்பலையும் நெய்தலையும் நாம் ஓரளவு அறிவோம். கொட்டி யாதெனின் விடை கூறத் தயங்குவோரே பலர். அதன் வரலாற்றை ஈண்டு நோக்குவாம்.

தாவரவியலார் கொட்டியை அப்போனோகெற்றன் நேற்றன்சு என வழங்குவர். இஃது ஒருவித்திலைத் தாவரம். இதன் குடும்பம் மிகச் சிறியது. அப்போனோகெற்றன் என்னும் ஒரே சாதியையும், ஐம்பதுக்குச் சற்று மேற்பட்ட இனங்களையுமே கொண்டது. ஆபிரிக்கா, மடகாசுகர், ஆசியா, அவுசுதிரேலியா ஆகிய நிலப்பரப்புகளின் நன்னீர்நிலைகளே இவற்றின் தாயகம்.

ஐரோப்பாவில் இயற்கையாக வளராத இச்சாதியின் பெயரோ இத்தாலியின் ஒரு சிற்றூரைச் சுட்டுவது. பாதுவா நகருக்கு அண்மையில் அபானோ என்னும் வெந்நீரூற்றுத் தலம் உண்டு. உரோமர் அதனை அப்போனசின் நீர் என்றனர். அப்பெயரோடு அயலார் எனப் பொருள்படும் கெய்ற்றோன் என்ற கிரேக்கச் சொல்லைச் சேர்த்து, அப்போனசின் அயலார் எனப் பொருள்தரும் பெயரை ஆக்கியவர் பாதுவாப் பல்கலைக்கழகத் தாவரவியற் பேராசிரியர் யூலியோ பொந்தெதேரா (1688–1757). ஆற்றின் அயலார் எனப் பொருள்படும் பொற்றமோகெற்றன் என்ற பழம்பெயரும் இவ்வாறு அமைந்ததே.

எனினும், பொந்தெதேரா இப்பெயரைச் சூட்டியது கொட்டிக்கன்று. அவ்வூற்றின் அயலில் வளர்ந்த வேறொரு நீர்ப்பூண்டுக்கு. அப்பூண்டு உள்ளடங்கிய சாதிக்கு, வெனிசு நகர மருந்தாளர் ஒருவரை நினைவுகூரும் சனிக்கெல்லியா என்ற பெயரையே இலின்னேயசு 1753இல் வழங்கினார். இந்தியாவிலிருந்து கிடைத்த கொட்டியை அவர் சோரூரசு என்னும் பிறிதொரு சாதியில் வைத்தார். அவருடைய மகனான இளைய இலின்னேயசு, 1782இல் வெளிவந்த நூலில், அப்போனோகெற்றன் என்ற பழம்பெயரை எடுத்துக் கொட்டிக்கும் அதன் தென்னாபிரிக்க உறவினமொன்றுக்கும் உரியதாக்கினார். இவ்வாறு, அப்போனசை ஒருநாளும் அயலாகக் கொண்டிராத தாவரத்துக்கு அயலார் என்ற பெயர் நிலைத்தது.

தமிழ்ப் புலவர் கண்ட உறவோ கண்முன் உள்ள குளத்தோடு அமைந்தது. அது வெறுங் கற்பனையுமன்று. கோடையில் நீர் வற்றக் கொட்டியின் இலைகள் அழியும். சேற்றினுள் கிழங்கு உயிரோடிருக்கும். மாரி பெய்து குளம் நிறைய, அக்கிழங்கினின்று புதிய இலைகள் எழுந்து நீர்மேல் மிதக்கும்; ஒற்றைக் கதிராகப் பூக்கள் தோன்றும். பறவை நீங்கிய இடத்தில் கொட்டி காத்திருப்பதன் காரணம் இதுவே. அக்கிழங்கை வேண்டிய காலத்தில் மக்கள் உணவாகவும் கொண்டனர்.

இலங்கையின் குளங்களும் ஓடைகளும் இக்குடும்பத்துக்குச் சிறந்த உறைவிடங்கள். சிங்கள மக்கள் கெக்கட்டிய என வழங்கும் அப்போனோகெற்றன் கிரிசுப்பசு இங்கு பரவலாக உண்டு. 1962இல் விவரிக்கப்பட்ட இரிசிடிபோலியசு, 1983இல் விவரிக்கப்பட்ட யக்கொப்செனி என்னும் இரண்டு இனங்கள் இத்தீவுக்கே உரியன. முன்னையது தென்மேற்கின் ஈரவலய ஓடைகளிலும், பின்னையது மலைநாட்டு நீர்நிலைகளிலும் வளர்வது.

ஒரு பெயர் தன் பொருளை விட்டுப் பிரிந்தும் வாழக்கூடும் என்பதற்கு அப்போனோகெற்றன் சான்று. மேனாட்டில் ஊற்றயலிற் பிறந்த பெயர் அவ்வயலையே இழந்தது. நம்மிடையே கொட்டி என்னும் சொல்லுக்கும் அத்தகையதொரு நிலை நேர்ந்துவருகின்றது. செய்யுளில் அதனை ஓதுகின்றோம். குளத்தில் அதனைக் கண்டால் இனங்காணோம். தாவரவியல் மாணவர் இலத்தீன் பெயரையும் தமிழ் மாணவர் செய்யுளையும் தனித்தனியே கற்று, இரண்டும் ஒரே தாவரத்தைச் சுட்டுவன என அறியாது பிரிகின்றனர்.

கோடையின் வறட்சியைக் கொட்டி தாங்கும்; குளத்தையே மண்ணிட்டு நிரப்பினால் தாங்காது. அற்ற நீர் மாரியில் மீளும். தூர்ந்த குளம் தானே மீளாது. உறவுக்கு நம் முன்னோர் காட்டிய சான்று ஏட்டில் மட்டும் எஞ்சாதிருக்க வேண்டுமாயின், அதனை நீரிலும் தேடிக் காணுதல் நம் கடனாகும்.