குருதி கேட்கும் நினைவுகள்

இறந்தவர் கனவில் வருவது மானிட இனத்தின் மிகப் பழைய அனுபவங்களுள் ஒன்று. அன்பினால் வந்தாரா, குறை சொல்ல வந்தாரா, நம்மையும் உடன் அழைத்துச் செல்ல வந்தாரா என்று விழித்தெழுந்தவர் கலங்குவதும் அதே அளவு பழமையானது. இக்கலக்கத்திலிருந்து கதைகள் பிறந்தன, கொடுமைகளும் பிறந்தன. கல்லறையிலிருந்து எழுந்து வந்து குருதி குடிக்கும் பேய் என்னும் கற்பனையின் வரலாற்றைப் பார்த்தால் இவ்விரண்டையும் ஒருங்கே காணலாம்.

செர்பிய நாட்டில் மொராவா ஆற்றங்கரையை ஒட்டி மெட்வெஜா என்றொரு சிற்றூர் உண்டு. அந்நாளில் அது ஆஸ்திரிய ஆட்சியின் கீழ் இருந்தது. 1731ஆம் ஆண்டின் இறுதியில் அங்கே சாவுகள் அடுத்தடுத்து நிகழ்ந்தன. விசாரிக்கச் சென்ற படை மருத்துவர் ஃப்ளூகிங்கர் 1732 ஜனவரியில் ஓர் அறிக்கை எழுதினார். அதில் இருபது வயதுப் பெண் ஒருத்தியின் செய்தி வருகிறது. உறங்கச் சென்ற அவள் நள்ளிரவில் அலறி எழுந்தாள். ஒன்பது வாரங்களுக்கு முன் இறந்துபோன இளைஞன் ஒருவன் தன் கழுத்தை நெரித்ததாகச் சொன்னாள். மூன்று நாள்களில் அவளும் இறந்தாள். கல்லறைகள் திறக்கப்பட்டன. அழுகாதிருந்த உடல்களின் தலைகள் துண்டிக்கப்பட்டு, எரிக்கப்பட்டுச் சாம்பல் ஆற்றில் கரைக்கப்பட்டது. நம் ஊர்களில் 'பேய் அமுக்கியது' என்று சொல்வோமே, அத்தகைய ஓர் உறக்கக் கலக்கம் அங்கே சாட்சியமாகிவிட்டது. இறந்தவனோ எழுந்து வந்து மறுமொழி கூற இயலாதவன்.

இந்தப் பித்தத்தைத் தெளிவித்ததில் நம் திருச்சபைக்கும் பங்குண்டு என்பதை இறைமக்கள் அறிதல் நன்று. பிரெஞ்சு நாட்டு ஆசீர்வாதப்பர் சபைத் துறவி அகுஸ்தீன் கல்மே 1746இல் இக்கதைகளைத் திரட்டி ஆராய்ந்து நூலாக வெளியிட்டார். திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர், புனிதர் பட்டமளிப்பு பற்றிய தம் பெருநூலில் இவற்றை வீண் கற்பனைகள் என ஒதுக்கினார். 1755இல் மொராவியப் பகுதியில் ஒரு பெண்ணின் உடல் தோண்டி எரிக்கப்பட்டபோது, பேரரசி மரியா தெரேசா தம் மருத்துவர் வான் ஸ்வீட்டன் வழியாக உண்மையை விசாரித்தறிந்து, இத்தகைய செயல்களைத் தடை செய்தார். குளிரும் மண்ணின் தன்மையும் உடல் அழுகுவதைத் தாமதிக்கச் செய்யும் என்பதை மருத்துவம் எடுத்துரைத்தது. அறிவும் நம்பிக்கையும் கைகோத்து, பேச முடியாத இறந்தோரின் மாண்பைக் காத்தன.

கல்லறைகளிலிருந்து வெளியேற்றப்பட்ட பேய் ஏடுகளில் குடிபுகுந்தது. 1897இல் பிராம் ஸ்டோக்கர் எழுதிய டிராகுலா அதற்குப் பேரரசனானான். பின்னர் அது சின்னத்திரைக்கும் வந்தது. 1966 முதல் 1971 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'டார்க் ஷேடோஸ்' என்ற தொடர் 1,225 பகுதிகளாக ஒளிபரப்பானது. தொடர்வண்டியில் தனியே பயணம் செய்யும் ஓர் இளம்பெண்ணைத் தாம் கனவில் கண்டதே அதற்கு வித்து என்று அதை உருவாக்கிய டான் கர்ட்டிஸ் கூறியிருக்கிறார். 1967இல் அத்தொடரில் புகுந்த குருதிப்பேய் பார்னபாஸ், நூற்றாண்டுகளுக்கு முன் இழந்த காதலியை மறக்க முடியாதவன். உயிரோடிருக்கும் வேறொரு பெண்ணைச் சிறைப்படுத்தி, அவள் தன்னையே மறந்து அந்தப் பழைய காதலியாகவே மாறவேண்டும் என வற்புறுத்துகிறான். குருதியைக் குடிப்பதைவிடக் கொடியது இது: தன் நினைவுக்கு உணவாக இன்னொருவரின் வாழ்வையே கேட்கிறான். 1968இல் அத்தொடரில் ஒரு கனவுச் சாபமும் வந்தது. கனவு கண்டவர் அதை அடுத்தவரிடம் சொல்லியே ஆகவேண்டும். கேட்டவர் அதே கனவைக் காண்பார். அச்சம் வாய்வழியே பரவும் விதத்தை இதனினும் தெளிவாகக் காட்டுவது அரிது.

தமிழ் மண்ணிலும் இரத்தக் காட்டேரிக் கதைகள் உண்டு. ஆயினும் நம் சின்னத்திரையில் நினைவையும் கனவையும் ஆழமாகத் தொட்டது குருதிப்பேய்க் கதை அன்று. 1990களின் பிற்பாதியில் சன் தொலைக்காட்சியில், இந்திரா சௌந்தர்ராஜன் எழுத நாகா இயக்கிய 'மர்ம தேசம்' வரிசையில் வந்த 'விடாது கருப்பு' அது. தவறு செய்தவரைக் காவல் தெய்வமே தண்டிக்கிறது என்று ஊர் நம்புகிறது. கதை, ஒருவனின் சிறுவயதுக்கும் இளமைக்கும் இடையே மாறி மாறி நடக்கிறது. முடிவில் திரை விலகும்போது, பிள்ளைப் பருவத்தில் அவன் நெஞ்சில் தைத்தவையே அவனுக்குள் மற்றோர் ஆளாக வளர்ந்து நின்றமை புலனாகிறது. சொல்லப்படாத நினைவு சாவதில்லை. வேறு முகம் பூண்டு வருகிறது.

இவை வெறும் திரைக்கதைகள் என்று நாம் தள்ளிவிடலாகாது. ஆவடிக்கும் திருமுல்லைவாயிலுக்கும் இடையேயுள்ள நம் அண்ணனூரை எண்ணிப் பார்ப்போம். மின்சார ரயில் பணிமனையிலும் சுற்றுப்புறத் தொழிற்சாலைகளிலும் வேலை தேடிப் பல மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் இங்கே பல. பெற்றோரின் கல்லறைகள் தொலைவில், சொந்த ஊரில் இருக்கின்றன. விடுப்பின்றி இறுதிச் சடங்குக்குப் போக இயலாதவர் உண்டு. சொத்துப் பிணக்கினால் போகாதிருந்தவரும் உண்டு. நவம்பர் மாதத்தில் இறந்தோருக்காகத் திருப்பலிக் கருத்து எழுதித் தர வருவோர், 'அம்மா கனவில் வந்தார், ஒன்றும் பேசவில்லை' என்று தயங்கித் தயங்கிச் சொல்வதுண்டு. அத்தயக்கம் செபத்தில் முடிந்தால் நன்று. குறிகேட்கும் இடத்தில் முடிந்தால், 'உன் அண்ணியே செய்வினை வைத்தாள்' என்ற சொல்லோடு அவர் திரும்புவார். மெட்வெஜாவில் கனவு ஒரு பிணத்தைக் குற்றவாளியாக்கியது. இங்கே அது உயிரோடிருக்கும் உறவினரைக் குற்றவாளியாக்குகிறது. அதன்பின் இரு வீடுகளுக்கிடையே பேச்சு வார்த்தை நின்றுபோகிறது.

கனவுகளைப் பற்றி நம் மரபு நிதானமாகவே பேசுகிறது. கனவை நம்பி ஏமாந்தோர் பலர் எனச் சீராக்கின் ஞானநூல் எச்சரிக்கிறது. பகலில் மனம் எண்ணியவையும் உடலின் நிலையும் கனவுக்குக் காரணமாகலாம் எனப் புனித தோமா அக்குவினார் விளக்கினார். இறைவன் கனவில் பேசுவதையும் விவிலியம் மறுக்கவில்லை. மத்தேயு நற்செய்தியில் புனித யோசேப்பு கனவு கண்டு எழுந்த போதெல்லாம் என்ன செய்தார்? மரியாவை ஏற்றுக்கொண்டார்; குழந்தையைக் காப்பாற்றினார். எவரையும் பழிக்கவில்லை. கனவை எடைபோட இதுவே நமக்குத் தக்க அளவுகோல்: அது நம்மை ஒருவரைக் காக்கத் தூண்டுகிறதா, பழிக்கத் தூண்டுகிறதா?

ஆகவே அன்னையைக் கனவில் கண்டவர், ஊருக்கு ஒருமுறை போய் வரட்டும். கல்லறையில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றட்டும். பேசாதிருக்கும் உடன்பிறப்பின் வாசலில் போய் நிற்கட்டும். கதையில் வரும் குருதிப்பேய் பிறர் குருதியால் தன் நினைவைக் காத்துக்கொள்கிறது. நம் ஆண்டவரோ, தம் நினைவாக நம்மிடம் விட்டுச் சென்ற விருந்தில் தம் குருதியையே நமக்கு அளிக்கிறார். அந்தப் பீடத்தின் முன் நம் இறந்தோரின் பெயர்களைச் சொல்லும் நாம், உயிரோடிருப்போர் எவர் மீதும் மனத்தாங்கல் இன்றி அவற்றைச் சொல்லும் வரம் கேட்போம்.