ஐலீன் ஓ'நீல்

ஐலீன் ஓ'நீல் (1953–2017) அமெரிக்க மெய்யியல் பேராசிரியர், மெய்யியல் வரலாற்றாய்வாளர். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியப் பெண்கள் எழுதிய மெய்யியல் நூல்களைத் தேடியெடுத்து, அவை மீண்டும் படிக்கப்படவும் கற்பிக்கப்படவும் வழிவகுத்த முன்னோடிகளுள் ஒருவர்.

கல்வியும் பணியும்

நியூயார்க்கின் பர்னார்ட் கல்லூரியில் பயின்ற ஓ'நீல், 1983இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் குயீன்ஸ் கல்லூரியிலும், பின்னர் ஆம்ஹெர்ஸ்ட் நகரிலுள்ள மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தார்.

பிரெஞ்சு மெய்யியலாளர் தெக்கார்த்தின் மனம்–உடல் கொள்கையும் காரண காரியத் தொடர்பும் அவருடைய தொடக்ககால ஆய்வுப் பொருள்கள். பருப்பொருள் அல்லாத மனம் உடலை எப்படி இயக்கும் என்பது அவ்வாய்வின் மையக் கேள்வி. இதே கேள்வியை 1643இல் தெக்கார்த்திடமே கடிதம் வழியே எழுப்பியவர் பொஹீமிய இளவரசி எலிசபெத். அவரைப் போன்றோரின் சிந்தனைகளை மீட்பதில் ஓ'நீலின் பிற்காலப் பணி பெரிதும் அமைந்தது.

'மறையும் மை'

1998இல் வெளியான 'மறையும் மை' என்ற கட்டுரை அவருக்குப் பெரும்பெயர் தந்தது. மாரி த குர்னே, மார்கரெட் கேவண்டிஷ், ஆன் கான்வே, மேரி ஆஸ்டல், டமாரிஸ் மாஷம், எமிலி து ஷாத்லே எனப் பலரின் ஆக்கங்களை அது கவனத்துக்குக் கொண்டுவந்தது. இவர்களுள் பலர் தம் காலத்திலேயே மதிக்கப்பட்டவர்கள். கான்வேயின் கருத்துகளை ஜெர்மானிய மெய்யியலாளர் லைப்னிட்ஸ் பாராட்டியுள்ளார். அப்படியிருந்தும் 19ஆம் நூற்றாண்டு மெய்யியல் வரலாறுகளில் இப்பெயர்கள் ஏறக்குறைய இல்லாமற் போயின.

இதற்கான காரணங்களை ஓ'நீல் ஆராய்ந்தார். பெண்கள் பலர் தம் பெயரின்றியே நூல்களை வெளியிட்டனர். ஆஸ்டலின் 1694ஆம் ஆண்டு நூலிலும், கான்வே மறைந்தபின் 1690இல் வந்த அவரது நூலிலும் ஆசிரியர் பெயர் இல்லை. அவர்கள் விவாதித்த சமயம், பெண்ணின் இயல்பு ஆகிய பொருள்கள் மெய்யியலைச் சேர்ந்தவையல்ல என்று பின்னாளில் ஒதுக்கப்பட்டன. அவர்கள் எழுதிய நடையும் பெண்மைக்குரியதெனத் தாழ்த்தப்பட்டது. ஆகவே, நூல்களின் தரக்குறைவு இந்த மறைவுக்குக் காரணமன்று என்பது அவரது முடிவு.

பதிப்புப் பணி

கேவண்டிஷ் 1666இல் வெளியிட்ட 'சோதனை மெய்யியல் பற்றிய நோக்குகள்' என்ற நூலை ஓ'நீல் பதிப்பித்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் அதை 2001இல் வெளியிட்டது. நுண்ணோக்கியை நம்பிய அக்கால ஆய்வாளர்களை எதிர்த்து, இயற்கை முழுவதும் தானே இயங்கும், அறியும் தன்மையுள்ள பருப்பொருள் என்று கேவண்டிஷ் வாதிட்ட நூல் இது. முன்னுரையும் குறிப்புகளும் கொண்ட இப்பதிப்பால் அந்நூல் வகுப்பறைகளில் பாடமாக வைக்க ஏற்றதாயிற்று. பெண் மெய்யியலாளர் பற்றிய கலைக்களஞ்சியப் பதிவுகளையும் அவர் எழுதினார்.

மறைவுக்குப் பின்

ஓ'நீல் 2017இல் காலமானார். மார்சி லஸ்கானோவுடன் இணைந்து அவர் பதிப்பித்த, பெண்களின் மெய்யியல் சிந்தனையை மீட்டு மதிப்பிடும் கட்டுரைத் தொகுப்பு 2019இல் வெளிவந்தது.